சிற்றூர் மோட்டல்கள் படேல்கள் கைக்கு வந்தது எதனால்? உறவுப் பணமா, சட்டமும் சந்தையுமா?

#1 மைல்கல்

அமெரிக்கச் சிற்றூர்களில் குஜராத்திகளான படேல்கள் மோட்டல் தொழிலுக்கு வந்தது வெறும் அதிர்ஷ்டம் என்று வேறொரு இழையில் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதனால் தனி இழை.

தொடக்கம் 1942. சாக்ரமென்டோவில் 32 அறை கொண்ட ஒரு விடுதியைக் காஞ்சி மஞ்சு தேசாய் என்ற குஜராத்திக்காரரும், அவரைப் போலவே பண்ணைக் கூலியாக இருந்த இருவரும் ஏற்று நடத்தினார்கள். பிறகு தேசாய் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்க் கோல்ட்ஃபீல்டு ஓட்டலை எடுத்தார். சூரத் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அங்கே படுக்க இடமும் சோறும் கிடைத்தன. கூலிக்குப் போவதைவிட நீயும் ஒரு விடுதியைக் குத்தகைக்குப் பிடி என்ற யோசனையும், அதற்குக் கொஞ்சம் கைக்காசும் கிடைத்தன.

1970-களில் இதே முறை சிற்றூர்களுக்குப் பரவியது. புதிதாக வந்தவர் முதலில் உறவினர் மோட்டலில் ஓரிரு ஆண்டு வேலை பார்ப்பார். முன்மேசை, துணி வெளுப்பு, கொதிகலன், வரிக்கணக்கு எல்லாம் கை பழகும். பக்கத்து ஊரில் ஒரு மோட்டல் விலைக்கு வந்தால் பத்துப் பதினைந்து உறவினர்கள் ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் கைமாற்றுக் கொடுப்பார்கள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. வாங்கியவர் நிமிர்ந்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார்.

பத்திரம் இல்லாத கடன் ஏன் திரும்பி வந்தது? நடுக் குஜராத்தின் சரோத்தர் பகுதிப் படேல்களிடையே இன்னின்ன கிராமங்களுக்குள்தான் பெண் கொடுத்து எடுப்பது என்ற வட்டம் இருக்கிறது. கைமாற்றை ஏமாற்றியவன் வீட்டில் அந்த வட்டத்துக்குள் சம்பந்தம் நடக்காது. எந்த வங்கியிடமும் இவ்வளவு உறுதியான ஈடு இருந்ததில்லை. உள்ளூர் வங்கிகள் கடன் வரலாறே இல்லாத புதியவருக்குப் பணம் தராத காலத்தில் இந்த ஏற்பாடுதான் முதல் போட்டது. ஆகவே, இது சமூகத்தின் சாதனை.

#2 பேரேடு

மைல்கல், நீங்கள் சொன்ன தகவல்களில் எனக்குச் சண்டையில்லை. முடிவில்தான் சண்டை. கைமாற்று முன்பணத்தைத் தந்தது, சரி. விலையில் முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விற்ற வெள்ளைக்காரரே கடனாக விட்டுக்கொடுத்தார். ஏன் விட்டார் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

முதலில் வரிச்சட்டம். சொத்தை விற்றவர் பணத்தைத் தவணைகளாக வாங்கினால் ஆதாய வரியையும் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக் கட்டலாம். ஆனால் 1980 திருத்தம் வரும்வரை அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: விற்ற ஆண்டில் கைக்கு வரும் தொகை விலையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முழு வரியும் அந்த ஆண்டே. அதனால் ஓய்வுக்குப் போகும் மோட்டல்காரர் ரொக்கமாக முழு விலையை விரும்பவில்லை. முன்பணம் 30-க்குக் கீழே, மீதி 15, 20 ஆண்டுத் தவணை, அதற்கு வட்டி. அவருக்கு அது ஓய்வூதியம். படேல் மேல் இருந்த நம்பிக்கைக்கு இதில் பெரிய வேலை இல்லை.

அடுத்து குடியேற்றச் சட்டம். 1965 சட்டத்தில் முன்னுரிமை இல்லாதோர் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் வர தொழிலாளர் துறைச் சான்று வேண்டும். முதலீட்டாளருக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு. 1973-ல் விலக்குக்குத் தேவையான முதலீடு 10,000 டாலரும் ஓராண்டு அனுபவமும் என்று வைத்தார்கள். 1976-ல் அதை 40,000 ஆக்கினார்கள். 1978 வாக்கில் அந்தப் பிரிவில் விசா எண்களே தீர்ந்துபோயின. 40,000 டாலரை ஒரு மோட்டலில் போட்டால் விசா, வீடு, வேலை மூன்றும் ஒரே கையெழுத்தில் கிடைக்கும் என்ற நிலை ஒரு சில ஆண்டுகளுக்கு மட்டும் இருந்தது.

மூன்றாவது சாலை. 1956-ல் தொடங்கிய மாநிலங்களிடை நெடுஞ்சாலைத் திட்டம் ஊருக்கு வெளியே புதுச் சாலை போட்டுப் பழைய சாலைகளை ஒதுக்கிக்கொண்டே வந்தது. 66-ஆம் சாலையில் கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபரில். நடுவில் 1973 எண்ணெய்த் தடை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் பங்க்கைத் திறக்க வேண்டாம் என்று குடியரசுத் தலைவரே கேட்டுக்கொண்ட காலம். சாலையோர மோட்டல் விலை சரிந்தது.

இந்த மூன்றும் ஒன்றாக வராமல் இருந்திருந்தால் கைமாற்று மட்டும் என்ன செய்திருக்கும்?

#3 வரப்பு

பேரேடு கேட்ட கேள்விக்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது: கலிபோர்னியாவின் பஞ்சாபிகள்.

1900-களின் தொடக்கத்திலேயே வந்தவர்கள். 1912-லேயே ஸ்டாக்டனில் குருத்வாரா அமைத்தார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி, முலாம்பழம், லெட்யூஸ் கீரை. நாலைந்து பேர் கூட்டாகக் குத்தகை பிடிப்பார்கள், ஒரே கொட்டகையில் சமையல், கைமாற்று, ஊர்க்கட்டுப்பாடு, எல்லாம் உண்டு. மைல்கல் சொல்லும் அத்தனை குணமும் இருந்தது.

ஆனால் 1913-ல் கலிபோர்னியா அந்நியர் நிலச்சட்டம் வந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கக்கூடாது, மூன்றாண்டுக்கு மேல் குத்தகையும் எடுக்கக்கூடாது. 1920-ல் குத்தகையையும் அடைத்தார்கள். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் நிலத்தை உள்ளூர் வக்கீல் பெயரிலோ வங்கிக்காரர் பெயரிலோ வாய்ப்பேச்சில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் வைத்திருந்தவர் மனம் மாறினால் பயிரும் போனது, நிலமும் போனது. நீதிமன்றத்துக்குப் போனால் தன் சட்டமீறலைத் தானே ஒப்புக்கொண்டதாகும். இல்லையென்றால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பெயரில் வாங்கித் தான் காப்பாளராக நிற்க வேண்டும்.

தலிப் சிங் சௌந்த் 1924-ல் பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்கே வெஸ்ட்மார்லண்டில் விவசாயம்தான் வழி. 1946-ல் லூஸ்–செல்லர் சட்டம் குடியுரிமைக் கதவைத் திறந்தது, அதுவும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவோடு. 1949-ல் குடியுரிமை பெற்றார்; 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். மனிதர் அதே மனிதர்தான். மாறியது சட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942-ல் அந்த 32 அறை விடுதி தேசாய் கைக்கு வந்தது ஏன்? அதன் ஜப்பானிய அமெரிக்க உரிமையாளரைப் போர்க்கால முகாமுக்கு அனுப்பினார்கள். சாதனையின் முதல் படியே இன்னொரு ஆசியருக்கு நடந்த அநீதியின் மேல் நிற்கிறது. அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதக்கூடாது.

#4 மைல்கல்

வரப்பு, ஜப்பானியர் விஷயம் சரி. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம்தான்.

ஆனால் பஞ்சாபி உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ஆசியர் வரவைத் தடுத்த 1917 குடியேற்றச் சட்டம் வந்தபின் அவர்களால் மனைவியை, தம்பியை, மாமன் மகனை அழைத்துவர முடியவில்லை. பலர் மெக்சிகோப் பெண்களை மணந்து புதுக் குடும்பம் அமைத்தார்கள். நல்ல குடும்பங்கள், ஆனால் ஊரிலிருந்து ஆள் வரும் சங்கிலி அறுந்துவிட்டது. சங்கிலி இல்லாத இடத்தில் கைமாற்று சுற்றாது. 1946-க்குப் பிறகு உறவினர் வரத் தொடங்கியதும் யூபா சிட்டியில் பீச் தோட்டங்கள் பஞ்சாபிகள் கைக்கு வந்த வேகத்தைப் பாருங்கள்.

பேரேடுக்கு ஒரே கேள்வி. 30 விழுக்காட்டு வரிவிதி எல்லாருக்கும் பொது. சரிந்த விலையும் எல்லாருக்கும் பொது. முதலீட்டு விசாவில் எந்த நாட்டவரும் வரலாம். பிறகு ஏன் குஜராத்திகள் மட்டும்? 1972-ல் உகாண்டாவிலிருந்து 90 நாள் கெடுவில் துரத்தப்பட்டவர்களைக் கையில் ஐம்பது பவுண்டு அளவுக்கு மேல் எடுத்துப்போக விடவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவருக்கோ 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நின்றது. சட்டப்படி வெளியே கொண்டுவர முடியாத பணம். அப்படியென்றால் 40,000 டாலர் வானத்திலிருந்தா விழுந்தது?

#5 பேரேடு

கேள்வி நியாயம்தான். என் பதில்: முதல் ஆள் எங்கே விழுந்தார் என்பது தற்செயல். இரண்டாவது ஆள் முதல் ஆளிடம் வேலை கற்றார். கொரியர்களுக்கு மளிகையும் உலர்சலவையும் அமைந்ததும், 1975-க்குப் பின் வந்த வியட்நாமியருக்கு நகப்பூச்சுக் கடைகள் அமைந்ததும் இப்படித்தான். சுழல்கடன் பழக்கம் கொரியரிடமும் இருந்தது. ஆகவே குஜராத்திகளிடம் மட்டுமே இருந்த குணம் என்று ஒன்றைத் தேடத் தேவையில்லை.

உள்ளூர் அமெரிக்கத் தம்பதி ஏன் வாங்கவில்லை என்றால், அவர்களுக்கு மோட்டல் வெறும் தொழில், அதுவும் நசிந்த தொழில். விசா வேண்டியவருக்கு அதே மோட்டல் மூன்று பொருள். மூன்றுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறவர் கூடுதலாகக் கொடுப்பார், குறைந்த லாபத்தையும் ஏற்பார்.

#6 திருப்புளி

வாங்கிய பொருள் என்ன நிலையில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. விலை குறைந்ததற்குச் சாலை பாதிக் காரணம், கட்டடம் மறுபாதி.

1950 வாக்கில் கட்டிய 20 அறை மோட்டலில் தண்ணீர்க் குழாய் துத்தநாகம் பூசிய இரும்பு. உட்புறம் துருவேறி வழி சுருங்கும். ஒரு அறையில் குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகவே வரும். காலை 7 மணிக்கு எட்டு அறையில் ஒன்றாகக் குளிக்கும்போதுதான் கடைசி அறையில் சொட்டும். விலை பேசும் முன் கோடி அறைகளில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். முழுக்கச் செம்புக் குழாய்க்கு மாற்றினால்தான் தீரும். 1965–73 காலத்தில் சேர்த்த கூடுதல் அறைகளாக இருந்தால் அலுமினிய மின்கம்பி இருக்கலாம். அது இணைப்புகளில் தளர்ந்து சூடேறும். சுவிட்சு மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

அதிகம் பேர் மாட்டிக்கொண்டது கழிவுநீர்த் தொட்டியில். பழைய முதலாளி விரிப்புகளை வெளியே சலவைக்கு அனுப்பியிருப்பார். புதியவர் அந்தச் செலவை மிச்சம்பிடிக்கப் பின்னால் இரண்டு சலவை எந்திரம் வைப்பார். தொட்டி அறைகளின் கழிவுக்கு அளவெடுத்துக் கட்டியது. எந்திரத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும்போது படிய வேண்டிய கசடு படியாமல், தொட்டி நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு வயலுக்குப் போகும். துணியிலிருந்து வரும் நூல்தூசி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஓரிரு ஆண்டில் புல்வெளியில் கழிவு ஊறும், சுகாதாரத் துறை கதவைத் தட்டும். புது வயல் தோண்ட வேண்டும். தவிர்க்க வழி: எந்திரத்தின் வெளியேற்றுக் குழாயில் நூல்வடிகட்டி, சலவையை நாள் முழுக்கப் பரப்பிச் செய்வது, ஆண்டுக்கொருமுறை தொட்டியை இறைப்பது.

விரிப்பு, துண்டு எல்லாம் மூன்று செட் வேண்டும்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. விற்கிறவர் பெரும்பாலும் ஒன்றரை செட்டோடு கைகழுவுவார். எண்ணிப் பார்க்காமல் சாவி வாங்கினால் முதல் வாரமே கடைக்கு ஓட வேண்டும்.

விற்கிறவர் சொல்லும் வருமானத்தையும் நம்பக்கூடாது. அவர் ஊராட்சிக்குக் கட்டிய அறை வரிப் படிவங்களையும் பதிவு அட்டைகளையும் தண்ணீர்க் கட்டணத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 'வரிக்குக் காட்டாத ரொக்கமும் உண்டு' என்று அவர் கண்சிமிட்டினால், காட்டிய தொகைக்குத்தான் விலை என்று நிற்க வேண்டும்.

#7 நீலாம்பல்

நான்கு பேரும் முதலைப் பற்றியே பேசுகிறீர்கள். உழைப்பு? கணக்குக்காக ஒரு மாதிரி மோட்டலை வைத்துக்கொள்வோம். ஆண்டு 1978, 22 அறை, இரவுக்கு 10 டாலர், ஆண்டுச் சராசரியில் 55 விழுக்காடு அறை நிரம்பும். 4,416 அறை-இரவு, வரவு ஏறக்குறைய 44,160 டாலர்.

விலை 160,000. முன்பணம் 40,000. மீதி 120,000 விற்பவர் கடன், 9 விழுக்காடு, 20 ஆண்டு: மாதம் 1,080, ஆண்டுக்கு 12,960. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 6,000. சொத்து வரியும் காப்பீடும் 5,000. சோப்பு, துணி 3,000. பழுது 4,000. தொலைபேசி, பலகை 1,500. தவணை நீங்கலாக மொத்தச் செலவு 19,500. எல்லாம் போக மிச்சம் 11,700.

இப்போது வேலை நேரம். ஓர் அறையைச் சுத்தம் செய்ய அரை மணி என்றால் ஆண்டுக்கு 2,208 மணி. முன்மேசையில் நாளுக்கு 16 மணி என்றால் 5,840 மணி. இரண்டும் சேர்த்து 8,048. மிச்சத்தை இதால் வகுத்தால் மணிக்கு ஒன்றரை டாலருக்கும் கீழே. அந்த ஆண்டின் மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2.65. ஆள் வைத்து இதே மோட்டலை நடத்தினால் கூலியே 21,300 ஆகும். ஆண்டுக்கு 9,600 நட்டம்.

அதாவது அந்த மோட்டலில் லாபம் என்று ஒன்றே இல்லை. மனைவிக்கும் மாமியாருக்கும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் கொடுக்காத கூலிதான் லாபம் என்ற பெயரில் நின்றது. குடும்பத்தார் மட்டுமே வேலை பார்க்கும் கடைக்கு மத்தியக் கூலிச் சட்டமும் பொருந்தாது. கைமாற்று என்கிறீர்கள், வரிச்சட்டம் என்கிறீர்கள். முதல் போட்டவர் பட்டியலில் முதல் பெயர் கழிப்பறை தேய்த்த பெண்ணுடையது.

#8 பேரேடு

ஒரு திருத்தம், ஆனால் உங்கள் வாதத்தை அது வலுவாக்கும். 1976-க்குப் பின் முதலீட்டு விலக்கில் வந்தவர் மனைவி மக்கள் அல்லாத ஒரு குடிமகனையோ நிரந்தரக் குடியிருப்பாளரையோ வேலைக்கு வைக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே அறைச் சுத்தத்துக்கு வெளியாள் வந்தார் என்றே வையுங்கள். 2.65 வீதம் 5,850 போகும். மீதி 5,850. முன்மேசையின் 5,840 மணிக்கு அதுதான். மணிக்கு ஒரு டாலர்.

#9 மைல்கல்

நீலாம்பலின் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை ஏதுமில்லை. ஆனால் வரவுப் பக்கம் பாதியைக் காணோம்.

அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வாடகை இல்லை; மின்சாரமும் தண்ணீரும் மோட்டல் செலவிலேயே அடங்கிவிட்டன. தவணையில் ஒரு பகுதி அசலைக் கழிக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தத் தொழிலில் விலையை ஆண்டு வரவின் மடங்காகத்தான் பேசுவார்கள். உங்கள் மாதிரியில் 160,000 என்பது வரவைப்போல் 3.6 மடங்கு. வெள்ளையடித்து, பலகை விளக்கைச் சரிசெய்து, அறையை நாறாமல் வைத்து 55-ஐ 65 ஆக்கினால் ஆண்டு வரவு 8,030 கூடும். விற்கும் விலை 28,900 கூடும். அந்த ஆதாயத்தை அதே வகைச் சொத்தில் திரும்பப் போட்டால் வரியும் தள்ளிப்போகும். 22 அறையிலிருந்து 40-க்கு, அங்கிருந்து 80-க்கு ஏறியது இந்தப் படியில்தான். மணிக்கூலி பார்த்து இந்தக் குடும்பங்களை அளந்தால் அவர்கள் என்ன கட்டினார்கள் என்பது தெரியாமலே போகும்.

#10 நீலாம்பல்

அசல் கழிகிறது என்றீர்கள். 9 விழுக்காடு, 20 ஆண்டுக் கடனில் முதல் ஐந்தாண்டில் கழிவது 13,550 மட்டும். கடன் இன்னும் 106,450 நிற்கும்.

விலை ஏறியது, ஒப்புக்கொள்கிறேன். யார் பெயரில் ஏறியது? பத்திரத்தில் பெரும்பாலும் கணவர் பெயர், அல்லது கணவரும் அண்ணன் தம்பிகளும்.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கணக்கில் பெற 40 காலாண்டுப் பதிவு வேண்டும். 1988-க்கு முன் தனிமனிதர் பெயரில் நடக்கும் தொழிலில் கணவர் மனைவிக்குச் சம்பளமே கொடுத்திருந்தாலும் அது பதிவுக்குக் கணக்கில் வராது. பதிவு வேண்டுமென்றால் இரண்டு வழி: இருவரும் கூட்டாளிகள் என்று வரிப்படிவம் போட்டு இருவரும் சுயதொழில் வரி கட்டுவது, அல்லது தொழிலை நிறுவனமாகப் பதிந்து நிறுவனம் மனைவிக்குச் சம்பளம் தருவது. இரண்டிலும் கூடுதல் வரி உண்டு, கணக்காளர் கட்டணம் உண்டு. மணிக்கு ஒரு டாலர் நிற்கும் தொழிலில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இருபது ஆண்டு விரிப்பு மாற்றிய பெண்ணின் பெயரில் சுழியம். கணவர் பதிவை வைத்து வரும் பாதிப் பங்கு மட்டும். இதை நான் தியாகம் என்று எழுத மாட்டேன். அவளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

#11 திருப்புளி

55 விழுக்காடு என்பதே நல்ல ஊர்க் கணக்கு. 40-க்கு இறங்கினால் வரவு 32,100. செலவில் 1,500 குறையும் என்று வைத்தாலும் தவணை கட்டிய பின் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்தான். அப்போது நடக்கும் இரண்டு தப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அறை வரியைத் தொடுவது. விருந்தினரிடம் வசூலித்த வரி முதலாளி பணம் அல்ல, ஊராட்சிக்காகக் கையில் வைத்திருப்பது. ஒரு குளிர்காலத்தில் அதை எடுத்து எரிவாயுக் கட்டணம் கட்டினால் அபராதமும் வட்டியும் சேர்ந்து சொத்தின்மேல் அரசின் பற்றுரிமை ஏறும்.

மற்றது, வாரவாடகை. வழிப்போக்கர் இல்லாத ஊரில் கட்டுமானக் குழுவும் வீடற்ற குடும்பமும்தான் வருமானம். பல மாநிலங்களில் 30 நாள் தாண்டினால் தங்கியவர் விருந்தினர் அல்லர், குடித்தனக்காரர். வாடகை நின்றால் சாவியை மாற்ற முடியாது. நீதிமன்றம் போக வேண்டும். அந்த நாட்களுக்கு வரவு இல்லை, தவணை உண்டு.

#12 பேரேடு

தவணை என்றதும் பலூனையும் சொல்ல வேண்டும். விற்பவர் கடன் 20 ஆண்டுக் கணக்கில் ஓடினாலும் ஐந்தாம் அல்லது ஏழாம் ஆண்டில் மீதி முழுவதையும் கட்டு என்று பல ஒப்பந்தங்களில் இருந்தது. 1976-ல் கையெழுத்திட்டவருக்கு ஐந்தாண்டுக் கெடு 1981. 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 விழுக்காட்டைத் தொட்டது. நீலாம்பலின் மாதிரியில் நிற்கும் 106,450-ஐ 18 விழுக்காட்டில் மறுபடி 20 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மாதத் தவணை 1,080-லிருந்து 1,643 ஆகும். ஆண்டுக்கு 6,750 கூடுதல். நில ஒப்பந்த முறையில் வாங்கியவர் நிலை இன்னும் மோசம்: கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். தவறினால் முன்பணமும் ஐந்தாண்டு உழைப்பும் சேர்ந்து போகும்.

வெற்றி பெற்றவர்களை மட்டும் எண்ணிச் 'சமூகச் சாதனை' என்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். 1975-ல் வாங்கிப் பத்தாண்டுக் கடன் வாங்கியவர் பிழைத்தார். 1976-ல் ஐந்தாண்டுக் கடன் வாங்கியவர் திணறினார். இருவரும் ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே உழைப்பு.

#13 மைல்கல்

திணறியவர் எல்லாரும் விழவில்லையே. ஏன் என்பதுதான் என் வாதம். வங்கி கைவிரித்த அதே 1981-ல் உறவினர்கள் இரண்டாம் சுற்றுக் கைமாற்றுத் திரட்டினார்கள். சிலர் பங்கு எடுத்து உள்ளே வந்தார்கள்.

காப்பீட்டைப் பாருங்கள். 1980-களில் தெற்கு மாநிலங்களில் படேல் என்ற பெயரைப் பார்த்ததுமே சில காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைக்கிறார்கள் என்று பொதுவாகச் சந்தேகப்பட்டன. காப்பீடு இல்லையென்றால் கடனும் இல்லை. பக்கத்து மோட்டல்காரர் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை வைப்பார். இதற்குச் சட்டமும் உதவவில்லை, சந்தையும் உதவவில்லை. 1985-ல் டென்னசியில் உரிமையாளர்கள் காப்பீட்டுக்காகவே சங்கம் அமைத்தார்கள். 1989-ல் அட்லாண்டாவில் ஆசிய அமெரிக்க ஓட்டல் உரிமையாளர் சங்கம் உருவானது. 1994-ல் இரண்டும் இணைந்தன. 1998-ல் பெரிய பிராண்டு நிறுவனங்களிடம் நியாயமான உரிம ஒப்பந்தத்துக்கென 12 கோரிக்கைகளை வைத்தது அதே சங்கம்.

#14 பேரேடு

சங்கம் பெரிய வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் பிராண்டுப் பலகை மாட்டியவர் உரிமக் கட்டணம், விளம்பரம், முன்பதிவு எல்லாம் சேர்த்து அறை வரவில் 8 முதல் 10 விழுக்காடு கொடுத்தார். அதே நிறுவனம் அடுத்த வெளிவழியில் தன் இன்னொரு பிராண்டை அனுமதித்தால் கேட்க முடியாது. 12 கோரிக்கை தேவைப்பட்டதே அதனால்தான். உறவுப் பணம் எவ்வளவு இருந்தாலும் ஒப்பந்தத்தின் வாசகம்தான் கடைசியில் பேசியது.

#15 வரப்பு

இருவரும் ஒருவர் ஆதாரத்தை மற்றவர் ஏற்காமல் சுற்றுகிறீர்கள். காரணம் இருக்கிறது: விற்பவர் கடன் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிவாகும், கைமாற்று எங்கும் பதிவாகாது. ஆவணத்தை மட்டும் பார்த்தால் பேரேடு எப்போதும் ஜெயிப்பார். ஆனால் பதிவேட்டைக் கொஞ்சம் வேறு விதமாகப் படிக்கலாம்.

1975–78-ல் மோட்டல் கைமாறிய பத்திரத்தை எடுங்கள். அதோடு பதிவான அடமானத்தில் கெடு ஆண்டைப் பாருங்கள். அடுத்து 1981–83-ல் அந்த அடமானம் விடுவிக்கப்பட்ட பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். விடுவித்த அதே வாரத்தில் வங்கி பெயரில் புது அடமானம் இருந்தால் வங்கிப் பணம். புது அடமானமே இல்லாமல் விடுவிப்பு மட்டும் இருந்தால், ஒரு லட்சம் டாலர் ஊதியமாக வந்திருக்க முடியாது. அது பெரும்பாலும் உறவுப் பணம். விடுவிப்புக்குப் பதில் சொத்து விற்றவர் பெயருக்கே திரும்பியிருந்தால் அது விழுந்த கணக்கு. ஒரு மாநிலத்தில் நாலைந்து மாவட்டம் இப்படிப் பார்த்தாலே இந்த இழையின் பாதிக் கேள்விக்கு எண்ணோடு பதில் கிடைக்கும்.

#16 மைல்கல்

நல்ல யோசனை. விடுவிப்பு மட்டும் இருந்து, பின்னால் சிறு பங்கு மாற்றப் பத்திரங்கள் வந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த உறவினர் பங்காளியானது அதில் தெரியும்.

#17 பேரேடு

ஒப்பந்த முறையில் வாங்கியவை பல மாவட்டங்களில் பதிவே ஆகியிருக்காது. அவற்றுக்குச் சொத்து வரி ரசீது யார் பெயருக்குப் போனது என்று வரி அலுவலகத்தில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விழுந்தவர்களில் ஒரு பெரும் பகுதி எண்ணிக்கையிலிருந்தே விடுபடும்.

#18 நீலாம்பல்

வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் எத்தனை பத்திரத்தில் மனைவி பெயரும் சேர்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு பத்தி போடுங்கள். தனியாகக் கையெழுத்திட்டவர் யார், 'மனைவி' என்ற அடையாளத்தோடு மட்டும் கையெழுத்திட்டவர் யார் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். இரண்டாவது வகைக் கையெழுத்து பெரும்பாலும் கடனுக்குப் பொறுப்பேற்க வங்கியோ விற்பவரோ கேட்டு வாங்கியது. சொத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் பெயர் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது அப்போது தெரியும்.